மணலிப் பிள்ளைகளுக்கு ஆலைக் கணக்கு

பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த மணலிப் பிள்ளைகள் பலருக்கு, கணக்காளர் ஆக பி.காம். போதும் என்றே சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. கணக்கெழுதும் வேலைக்கு அந்தப் பட்டம் போதலாம். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமையை அது தராது.

அந்த உரிமை வேண்டுவோர் பட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிளஸ் டூ முடித்ததும் சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வான பவுண்டேஷனை எழுதலாம். பி.காம். முடித்து 55 விழுக்காடு வைத்திருந்தால் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். பட்டயக் கணக்காளரிடம் பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியும் 2023-இல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. இந்தியாவின் முதல் பெண் தணிக்கையாளரான ஆர். சிவபோகம் 1933-இல் தேர்ச்சி பெற்றது இதே சென்னையில்தான்.

மணலிக்கு இன்னும் பொருத்தமானது சி.எம்.ஏ. எனும் செலவுக் கணக்காளர் படிப்பு என்பது நம் எண்ணம். பெட்ரோலியப் பொருள், உரம் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் உற்பத்திச் செலவுக் கணக்கைத் தனியே பராமரிக்க 2013 கம்பெனிகள் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் உர ஆலை இரண்டும் இங்கேயே இருக்கின்றன. ஆலைப் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஆலையின் கணக்கறையில் இடம் கேட்க முழு உரிமை உண்டு.

பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரியிலும் சேரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு இதையெல்லாம் முதலாண்டிலேயே சொல்ல வேண்டும். தேர்வுக் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். சி.எம்.ஏ. படிக்கும் உள்ளூர் மாணவர்களுக்கு ஆலைகள் ஆண்டுதோறும் பயிற்சி இடங்களை ஒதுக்கட்டும்.