அப்பாவும் சிரிக்கலாம்!

நாற்பதைத் தாண்டினால் மூக்குக் கண்ணாடி வந்துவிடும். மறதியும் கூடவே வரும். சுசீந்திரம் கோவிலில், அனுமார் முன்னால் ஓர் அப்பா நிற்கிறார். "சஞ்சீவி மலையையே கொண்டு வந்தாயே! என் கண்ணாடியைத் தேடித் தரக் கூடாதா?" என்று முறையிடுகிறார். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்கிறது! மகள் தொட்டுக் காட்டுகிறாள். அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

இது லேசான பாக்கியமா? நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் முன்பு மருமக்கள் வழி இருந்தது. குடும்பச் சொத்து போவது சகோதரியின் மகனுக்கு! பெற்ற பிள்ளைகள் முகத்தை அப்பா எப்படிப் பார்ப்பார்? சிரிப்பு எங்கே வரும்? தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பாடி, அந்தக் கொடுமையைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தார். 1926-ல் திருவிதாங்கூரில் சட்டமே வந்தது. பழைய வழி மாறியது.

பிள்ளைகளுக்குச் சொத்துரிமை வந்துவிட்டது. அப்பாவின் சிரிப்புதான் இன்னும் சில வீடுகளுக்கு வரவில்லை. தவறைச் சுட்டிக் காட்டினால் அங்கே அடி விழுகிறது. அந்த வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்றால் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

சுசீந்திரம் போன அப்பா கண்ணாடியோடு வீடு திரும்பினார். செருப்பைத்தான் கோவில் வாசலிலேயே விட்டுவிட்டார்!