எத்தனை நாற்காலி?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பளப் பேச்சுவார்த்தை. சமரச அலுவலரின் மேசைக்கு ஒரு பக்கம் நிர்வாகத்தார் மூவர், எதிர்ப்பக்கம் சங்கத்தார் ஐவர். நான்காவது சுற்றில் இழுபறி தீர்ந்து கையெழுத்தும் ஆயிற்று, டீயும் வந்தது. வெளியே வந்தால், வருகைப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு காண்டிராக்டரின் சூப்பர்வைசர் வராந்தாவில் நின்றிருந்தார். “எங்க பசங்களுக்கு ஏதாச்சும் உண்டா சார்?” என்றார். அந்த ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்களைவிட அவருடைய ‘பசங்கள்’தாம் அதிகம். ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருந்த மூவரில் நானும் ஒருவன். “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

தொழிலுறவு ஆசிரியர்களின் பணியைப் பற்றிய இந்த இதழுக்கு உரை எழுத உட்கார்ந்தபோது அந்த வராந்தாதான் முதலில் நினைவுக்கு வந்தது. கூடவே வந்தவர் அமெரிக்கத் தொழிலுறவு அறிஞர் ஜான் டன்லப். நம்மில் பலருக்கு அவர் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி: “டன்லப்பின் அமைப்புக் கோட்பாட்டை விளக்குக.” நிர்வாகம், தொழிலாளர், அரசு என்று மூன்று தரப்பு, தொழில்நுட்பம், சந்தை, அதிகாரப் பங்கீடு என்று மூன்று சூழல், இவற்றையெல்லாம் கட்டிவைக்கும் பொதுவான ஒரு கருத்து, இத்தனையிலிருந்தும் விளையும் விதிகளின் வலை. முக்கோணம் வரைந்து பெயர் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அந்த முக்கோணம் எங்கே பிறந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

அது பிறந்த இடம் கட்டட வேலைத்தளம். 1914இல் கலிபோர்னியாவில் பிறந்து, மிஷனரிப் பெற்றோருடன் பிலிப்பைன்சில் வளர்ந்தவர் டன்லப். 1938இல் ஹார்வர்டுக்கு வந்தார். 2003இல் இறக்கும்வரை அதுவே அவருடைய இருப்பிடம். ஆனால் வகுப்பறைக்கு வெளியே அவர் கழித்த நேரம் அதிகம். இரண்டாம் உலகப்போரின்போது கட்டுமானத் தொழிலின் கூலிகளை ஒழுங்குசெய்த வாரியத்தில் வேலை. பிறகு 1948 முதல் 1957 வரை, ‘எந்த வேலை எந்தச் சங்கத்துக்கு’ என்ற தகராறுகளைத் தீர்க்கும் வாரியத்தின் தலைமை. உலோகச் சட்டம் வைத்த கதவைப் பொருத்துவது தச்சரின் வேலையா, தகட்டு வேலைக்காரரின் வேலையா என்ற ஒன்றுக்காகவே ஒரு கட்டடம் பாதியில் நின்றுபோகும் உலகம் அது. அங்கே ஒன்பது ஆண்டு உட்கார்ந்து எழுந்த பிறகுதான், 1958இல், அந்தக் கோட்பாட்டைச் சொல்லும் புத்தகம் வந்தது. பல நாடுகளின் நிலக்கரிச் சுரங்கங்களையும் கட்டட வேலையையும் அதில் அவர் ஒப்பிட்டார். நாடு வேறானாலும் சுரங்கமென்றால் பாதுகாப்பு, குடியிருப்பு பற்றிய விதிகள் ஒன்றுபோலவே முளைக்கின்றன. கட்டட வேலையென்றால் இடம் மாறுவதும் காண்டிராக்டர் மாறுவதுமே விதிகளைத் தீர்மானிக்கின்றன. வேலையின் தன்மை விதியை வளைக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தவரின் எழுத்து அது.

1975 மார்ச்சில் அதிபர் ஃபோர்டு அவரைத் தொழிலாளர் துறைக்குச் செயலராக்கினார். நம் கணக்கில் அமைச்சர். அங்கும் அவரைத் துரத்தியது கட்டட வேலைத்தளம்தான். ஒரே தளத்தில் பத்து துணைக் காண்டிராக்டர்கள் வேலை செய்யும்போது, ஒருவரோடு தகராறு என்றால் சங்கம் முழுத் தளத்தின் வாசலிலும் மறியல் செய்யலாமா? கூடாது என்று 1951இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை மாற்றும் மசோதாவுக்கு டன்லப் பல தரப்போடும் பேசி வடிவம் கொடுத்தார். கையெழுத்திடுவதாக அதிபர் உறுதி தந்திருந்தார். மசோதா வந்து சேர்ந்தபோது, 1976 ஜனவரியில், அதை ரத்து அதிகாரத்தால் தடுத்துவிட்டார். அதே மாதம் டன்லப் பதவி விலகினார். பேச்சு தவறிய தரப்போடு மறுபடி மேசையில் உட்கார முடியாது என்பது சமரசக்காரருக்கு அடிப்படைப் பாடம். அதற்கு அவர் கொடுத்த விலை அமைச்சர் பதவி.

அவருடைய கோட்பாட்டின் மேல் விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. விதிகளைப் படிப்பதே இத்துறையின் வேலை என்றால், நிலவும் ஒழுங்கைக் காப்பதே நோக்கமாகிவிடும் என்று 1975இல் ரிச்சர்டு ஹைமன் எழுதினார். நிர்வாகங்கள் தாமே வியூகம் வகுத்துச் சங்கத்தைத் தவிர்க்கும் காலத்தில் ‘பொதுவான கருத்து’ எங்கே இருக்கிறது என்று 1986இல் கோக்கன், காட்ஸ், மெக்கர்ஸி மூவரும் கேட்டார்கள். மூன்றாவதாக நானும் ஒன்று கேட்பேன்: முக்கோணத்தில் இடம் பெறாதவர்கள் எங்கே நிற்பார்கள்?

இதற்கான பதில் புத்தகத்தில் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் தக்காளி வயலில் இருக்கிறது.

அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளுக்குப் பொருந்தாது. பால்டெமர் வெலாஸ்கெஸ் 1967இல் தொடங்கிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பண்ணையாரிடம் கூலி உயர்வு கேட்டால், “கம்பெனி தரும் விலை இவ்வளவுதான், நான் எங்கே போவேன்?” என்பார் பண்ணையார். விலையைப் பருவத்துக்கு முன்பே நிர்ணயிக்கும் கேம்பெல் சூப் கம்பெனியிடம் கேட்டால், “அவர்கள் எங்கள் ஆட்களே இல்லையே” என்ற பதில் வரும். இரண்டு பதிலும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் கூலி மட்டும் அசையவில்லை. 1978இல் சுமார் இரண்டாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பறிக்கும் இயந்திரம் வைத்தவரிடம்தான் வாங்குவோம் என்றது கம்பெனி. அடுத்து அதன் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம். 1983இல் டொலிடோவிலிருந்து நியூஜெர்சியின் கேம்டனில் இருந்த தலைமையகம்வரை 560 மைல் நடைப்பயணம்.

திருச்சபைகளின் தேசிய அவை நடுவில் நின்று பேச, 1985இல் ஒரு தனியார் ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைவர் டன்லப். துணைக்கு எந்தச் சட்டப்பிரிவும் இல்லை. யார் வாக்களிக்கலாம், தேர்தல் எப்படி, புகாரை யார் விசாரிப்பது என்று ஒவ்வொரு விதியையும் ஆணையமே எழுத வேண்டியிருந்தது. 1986 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் தொழிலாளர் சங்கம், பண்ணையார்கள், கம்பெனி என்று மூன்று கையெழுத்து. கம்பெனியின் பணம் மேசைக்கு வந்த பிறகுதான் பண்ணையாரால் கூலியை உயர்த்த முடிந்தது. வெள்ளரி வயல்களில் ‘பங்குக்காரர்’ என்று பெயர் சூட்டப்பட்டு, தொழிலாளிக்குரிய எந்த உரிமையும் இல்லாதிருந்த குடும்பங்கள் பின்னாளில் தொழிலாளர்களாக ஏற்கப்பட்டதும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

இந்த மேசையிலும் மூன்று தரப்புத்தான், ஆனால் புத்தகத்தில் இருந்த மூன்று அல்ல. அரசு இல்லை, முதலாளித் தரப்பு இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. தம் பெயரில் வழங்கும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டன்லப் அங்கே போகவில்லை. கூலியைத் தீர்மானிப்பது யார் என்று முதலில் பார்த்து, அதற்கேற்ப நாற்காலி போட்டார். ஹார்வர்டின் எழுத்தர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் 1988இல் சங்கத்துக்கு வாக்களித்தபோதும் இதே மனம்தான். பல்கலைக்கழகத்தின் சார்பில் பேசப் போன அவர், விதிகளை அடுக்காமல் கூட்டுக் குழுக்களை நம்பும் ஓர் ஒப்பந்தத்தோடு அடுத்த ஆண்டு வெளியே வந்தார். விதிகளின் வலையைப் பற்றி எழுதியவர், வலை எங்கே வேண்டாம் என்றும் அறிந்திருந்தார்.

எல்லாம் கைகூடவில்லை. 1993இல் கிளின்டன் அரசு அமைத்த ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். பெயரளவில் காண்டிராக்டர், நடைமுறையில் தொழிலாளி என்று இருப்பவரை அவருடைய பொருளாதார நிலையை வைத்தே அடையாளம் காணவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அறிக்கை வெளிவருவதற்குள் நாடாளுமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போய்விட்டது. பரிந்துரைகள் அலமாரிக்குப் போயின.

இனி நம் வராந்தாவுக்கு வருவோம். காண்டிராக்டர் சம்பளம் போடத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் போடவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பணம் தரவேண்டியவர் யார் என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. பேசவேண்டியவர் யார் என்பதில்தான் நாம் குழப்பிக்கொண்டோம். தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த தொகுப்புச் சட்டம் வந்த பிறகும், ஒப்பந்தம் என்றால் நம் நாக்கில் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்களான ‘பன்னிரண்டு-மூன்று’, ‘பதினெட்டு-ஒன்று’ என்றுதான் வருகிறது. எண்கள் மாறினால் பழகிக்கொள்ளலாம். மேசையின் இரண்டு பக்கம் மட்டும் பழையபடியே இருந்தால் எண் மாறி ஆவதென்ன?

அன்று அந்தச் சூப்பர்வைசருக்கு நான் நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று உண்டு. அவருடைய ஆட்களின் கூலி எங்கள் மனிதவளத் துறையில் முடிவாவதில்லை. கொள்முதல் துறையில், டெண்டர் கோப்பில், போல்ட்டும் நட்டும் வாங்கும் அதே படிவத்தில், ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று முடிவாகிறது. மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. சமரச அறையில் உட்கார்ந்திருந்த எங்கள் மூவருக்கும் அந்தத் தொகையை ஒரு ரூபாய் கூட்டும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை. யாரும் அவரைக் கூப்பிட்டதும் இல்லை.

இத்துறையில் பாடம் நடத்துவோருக்கும் பேச்சுவார்த்தை நடத்துவோருக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள். அடுத்த கோரிக்கைப் பட்டியல் மேசைக்கு வருமுன், அந்த ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொரு வகைத் தொழிலாளியின் கூலியும் எந்தக் கோப்பில், யார் கையெழுத்தில் முடிவாகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாணவர்களுக்கும் முக்கோணத்தை வரையச் சொல்லுமுன் இந்தத் தாளை எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் கொள்முதல் மேலாளருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அவருக்கு எதிரே, பதிவேட்டோடு வராந்தாவில் நிற்பவருக்கும் அவருடைய ஆட்களில் ஒருவருக்கும் இரண்டு.