பெட்டிதானே!

கம்ப்யூட்டரைக் கடையில் பூட்டி வைத்தபடி வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. காலேஜில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடுகளில் இதைப் பற்றி நடக்கும் ஆலோசனைகள் கல்யாணப் பேச்சுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. பிராஸஸர் எது, மதர்போர்டு எது, கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். சென்னை ரிச்சி தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி, விலைச் சீட்டுகளை ஒத்துப் பார்த்து, நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக மறுநாளும் ரெயிலேறுவார்கள். கடைசியில், கையில் மிஞ்சியிருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, "கேபினெட்டா? பெட்டிதானே! பார்வைக்கு நன்றாய் இருப்பதாக ஒன்று கொடுங்கள்" என்பார்கள். கடைக்காரரும் முன்புறம் முழுவதும் கண்ணாடி பதித்து, ஏழு வர்ணத்தில் விளக்கெரியும் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். அத்துடன் வியாபாரம் முடிந்துவிடும்.

இந்தப் "பெட்டிதானே" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இவ்வாரம் நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

கேபினெட் கணக்குப் போடுவதில்லை, படம் வரைவதில்லை, எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதுமில்லை. வாஸ்தவமே. ஆனால் வாங்கிய சாமான்களுள் நீண்ட ஆயுள் படைத்தது அதுதான் என்பதை யோசிப்பவர்கள் சிலரே. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்றொரு அளவுத் திட்டத்தை வெளியிட்டது. மதர்போர்டின் நீள அகலம் என்ன, திருகுத் துளைகள் எந்த எந்த இடத்தில் இருக்க வேண்டும், பின்புறத்து இணைப்புகளுக்கு விடவேண்டிய ஜன்னல் எவ்வளவு என்பதையெல்லாம் அது வரையறுத்தது. அதற்குப் பின் பிராஸஸர்களின் வம்சங்கள் எத்தனையோ தோன்றி மறைந்துவிட்டன. அந்த அளவுத் திட்டமோ இன்றும் செல்லுபடியாகிறது. ஆகையால் இன்று யோசித்து வாங்கும் கேபினெட்டில் இன்னும் ஐந்து வருஷங் கழித்து வாங்கப்போகும் போர்டையும் பொருத்தலாம். அதற்கு அடுத்ததையும் பெரும்பாலும் பொருத்தலாம். குடித்தனக்காரர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள், வீடு நிற்கும் என்பது போலத்தான். குடித்தனக்காரரின் சட்டையைப் பற்றி மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு, வீட்டுக்கு ஜன்னல் உண்டா என்று கேளாமல் இருப்பதை என்னவென்று சொல்வது?

முதலில் அளவு. கடைக்குப் புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்வது நலம். போர்டு எந்த ஜாதி என்பது ஒன்று: முழு ஏ.டி.எக்ஸ். போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244 சதுரம், மினி ஐ.டி.எக்ஸ். 170-க்கு 170. பெரிய பெட்டியில் சிறிய போர்டைப் பொருத்தலாம். மாற்றிச் செய்ய இயலாது. அடுத்தது கிராபிக்ஸ் கார்டின் நீளம். 2022-இல் என்விடியா கம்பெனி வெளியிட்ட 4090 என்ற கார்டு, அந்தக் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பிலேயே, 304 மில்லிமீட்டர் நீளமுடையது. ஒரு முழு மதர்போர்டின் நீளத்துக்கு ஒரே ஒரு கார்டு! அதற்கு முன்னால் காற்றாடி 25 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். தண்ணீரால் குளிர்விக்கும் ரேடியேட்டரையும் முன்புறத்தில் மாட்டினால் இன்னொரு 27 மில்லிமீட்டர் போகும். ஆகவே "330 மில்லிமீட்டர் கார்டு கொள்ளும்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்புமுன், ரேடியேட்டர் இல்லாமலா, அதையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பிராஸஸர் மேல் உட்காரும் கூலரின் உயரம். நாக்டுவா கம்பெனியின் பிரசித்தி பெற்ற டி15 என்ற கூலர் 165 மில்லிமீட்டர் உயரம். 160 மட்டுமே இடமுள்ள கேபினெட்டில் அதை வைத்தால் பக்கக் கதவு மூடாது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கதவில்லாமலே ஒரு வருஷமாக யந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு பல்லியும் குடியிருப்பதாகக் கேள்வி.

சி.டி. போடும் அறை இருக்கிறதா என்று இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள். அநேகமாய்ப் புதிய கேபினெட்டுகளில் அது கிடையாது. வேண்டுமானால் வெளியே செருகும் டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதற்காக மனம் வருந்தத் தேவையில்லை. அந்த அறை போனதால் முன்புறத்தில் காற்றுக்கு வழி கிடைத்திருக்கிறது.

காற்றுத்தான் இங்கே முக்கியமான விஷயம். யந்திரம் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளிவருகிறது. மேலே சொன்ன கார்டு முழு மூச்சில் வேலை செய்கையில் 450 வாட் வரையில் இழுக்கும். பழைய மாதிரி சீலிங் காற்றாடி ஒன்றுக்குச் சுமார் 75 வாட் என்று வைத்துக்கொண்டால், ஆறு காற்றாடிகளின் மின்சாரம் ஒரு சாண் அகலப் பெட்டிக்குள் உஷ்ணமாகிறது. எல்லா வீட்டிலும் அவ்வளவு பெரிய கார்டு இராது. ஆனாலும் சாதாரணப் பிராஸஸரும் நடுத்தரக் கார்டும் சேர்ந்து 200, 250 வாட்டை எளிதில் எட்டிவிடும். காற்றாடிகளால் மட்டும் குளிர்விக்கும் பெட்டியில் உள்ளிருக்கும் காற்று அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் இராது. மே மாதத்தில் வேலூரிலோ சென்னையிலோ மாடி அறை ஒன்றின் உஷ்ணம் 38, 39 டிகிரி என்றால், பெட்டியின் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிராஸஸர்களோ 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும், பிராணனைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. அதன் பொருள் என்ன? அதிக வேகத்துக்காக அதிகப்படி கொடுத்த பதினையாயிரம் ரூபாய், காற்றுப் போக வழியில்லாத காரணத்தால், கோடை முழுவதும் பயன்படாமல் கிடக்கிறது என்பதே.

ஆகையால் முன்புறம் முழுவதையும் கண்ணாடியால் அடைத்து, ஓரத்தில் விரல் அகல இடுக்கு மட்டும் விட்ட கேபினெட்டை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. அதற்குள் மூன்று காற்றாடிகள் வர்ண ஜாலத்துடன் சுழன்றுகொண்டுதான் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவனுடைய மார்பு விரிந்து சுருங்குவது போலத்தான் அது. முன்மூடி கம்பி வலையாய் இருப்பதே மேல். கடையிலேயே சோதிப்பதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. முன்மூடியைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மாவு சலிக்கும் சல்லடையில் தெரிவது போல் வெளிச்சம் தெரிந்தால் காற்றும் போகும். கண்ணாடியிலுங்கூட வெளிச்சம் தெரிகிறதே என்று கேட்கும் சாமர்த்தியசாலிகள் நமது வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லி வைக்கிறோம்: வெளிச்சம் போகும், காற்று போகாது.

வலை என்றால் தூசி வருமே என்பது இல்லத்தரசிகள் கேட்கும் கேள்வி. மிகவும் நியாயமான கேள்வி. நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பழைய யந்திரம் ஒன்றைத் திறந்தபோது, சாக்குக்கட்டிப் பொடியும் தெருப் புழுதியும் சேர்ந்து, கூலர்மேல் மெத்தை தைத்தது போல் படிந்திருந்ததைக் கண்டோம். இதற்குப் பரிகாரம் அடைப்பதன்று. காற்றை நாம் விரும்பும் வாசல் வழியாக வரச் செய்வதுதான். உள்ளே தள்ளும் காற்றாடிகளின் வலிமை வெளியே தள்ளுபவற்றின் வலிமையைவிடச் சற்று அதிகமாயிருந்தால், பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியிலிருப்பதைவிடச் சிறிது உயரும். அப்போது எல்லா இடுக்குகளின் வழியாகவும் காற்று வெளியேறுமேயன்றிப் புகாது. புகுவது வடிகட்டி வைத்த வாசல் வழியாக மட்டுந்தான். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற சாதாரண ஏற்பாடே பெரும்பாலும் போதும். வடிகட்டியைத் திருகு கழற்றாமல் வெளியே இழுக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். இழுப்பது எளிதாயிருந்தால் மாதத்துக்கொரு முறை கழுவுவார்கள். யந்திரத்தைக் கவிழ்த்துக் கழற்ற வேண்டியிருந்தால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜைதான்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாத்தா தூங்கும் கூடத்திலேயே பேரன் யந்திரத்தை ஓட்ட வேண்டிய வீடுகள் நம்மிடையே அதிகம். சுவீடன் தேசத்து ஃபிராக்டல் டிசைன் கம்பெனி, டிஃபைன் என்ற பெயரில் உட்புறம் சத்தம் உறிஞ்சும் மெத்தை வைத்து மூடிய பெட்டிகளைச் செய்கிறது. மெஷிஃபை என்ற பெயரில் வலை முகப்புடைய பெட்டிகளையும் அதுவே செய்கிறது. இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. குளிரூட்டிய அறையில் சிறிய கார்டுடன் எழுத்து வேலை மட்டும் செய்பவருக்கு முதல் வகை சுகமாயிருக்கலாம். நம் கோடைக்கு இரண்டாவது வகைதான் சரி என்பது நமது அபிப்பிராயம். அது அதிகச் சத்தம் போடும் என்றும் நிச்சயமில்லை: வழி தாராளமாய் இருந்தால் காற்றாடி மெதுவாகச் சுழன்றாலே போதும், அதிலும் 120 மில்லிமீட்டர் காற்றாடிக்குப் பதில் 140 மில்லிமீட்டர் காற்றாடி, அதே அளவு காற்றை இன்னும் நிதானமாய்த் தள்ளும்.

அழகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அழகை முன்னிட்டு மற்றதை மறந்தால் பெரியவர்களும் தவறுவார்கள். 2000-ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி பவர் மாக் ஜி4 கியூப் என்று ஒரு யந்திரத்தை வெளியிட்டது. பளிங்கு போன்ற உறைக்குள் மிதப்பது போல் ஒரு சிறு சதுரப் பெட்டி. காற்றாடியே கிடையாது, சூடான காற்று தானே மேலெழுந்து போகட்டும் என்பது ஏற்பாடு. பார்த்தவர்கள் வியந்தார்கள், வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவு இல்லை. உறையில் கீறல் போன்ற கோடுகள் தெரிகின்றன என்ற புகாரும் எழுந்தது. மறு வருஷம் ஜூலை மாதத்திலேயே உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போது அது நியூயார்க் நவீனக் கலைப் பொருட்காட்சி சாலையின் சேகரத்தில் இருக்கிறது. பொருத்தமான இடந்தான்.

மற்றொரு சம்பவம் சிரிப்புக்குரியதன்று. என்.இஸட்.எக்ஸ்.டி. என்ற கம்பெனியின் எச்1 என்ற சிறிய கேபினெட் 2020-இல் விற்பனைக்கு வந்தது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, கிராபிக்ஸ் கார்டை ஒரு நீட்டிப்புப் பலகையின் மூலம் இணைத்திருந்தார்கள். அந்தப் பலகையைச் சட்டத்தோடு பிடித்திருந்த திருகு, அதனுள் ஓடும் மின்பாதையைத் தொட்டுக் குறுக்குப் பாய்ச்சல் உண்டாக்கக் கூடியதாய் இருந்தது. தீப்பற்றிய செய்திகள் வந்தன. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்புக் கமிஷனின் அறிவிப்போடு அந்தக் கேபினெட்டுகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு திருகு! பெட்டிதானே என்று சொல்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிப் பக்கக் கதவு உள்ள பெட்டியை வாங்கியே தீர வேண்டுமென்றால், ஒரு ஜாக்கிரதை. இது பதப்படுத்திய கண்ணாடி. நடுவில் தட்டினால் நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் விளிம்பு மொசைக் அல்லது டைல்ஸ் தரையில் லேசாக இடித்தாலும், முழுக் கதவும் ஒரே நொடியில் கற்கண்டுத் தூளாய் உதிர்ந்துவிடக் கூடும். கழற்றியதும் தரையில் சாய்த்து வைக்கும் பழக்கந்தான் நம் வீடுகளில் எமனாகிறது. மடித்த போர்வைமேலோ கட்டில்மேலோ படுக்க வைக்க வேண்டும்.

மலிவுக் கேபினெட்டுகள் சிலவற்றுடன் எஸ்.எம்.பி.எஸ். இனாமாக வரும். இனாமாய்க் கிடைக்கும் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது வழக்கு. இந்த மாட்டை மட்டும் அவசியம் பார்க்க வேண்டும். மற்ற எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் ஊட்டுவது அதுதானாகையால், பெயர் தெரிந்த கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் தனியே வாங்குவதில் சிக்கனம் பார்க்கலாகாது. அது பெட்டியின் அடியில் உட்கார்ந்து தரையிலிருந்து காற்றிழுக்கும் அமைப்பாயிருந்தால், கால்கள் உயரமாய் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறது, மட்டமான பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரை வைபவர்களும் உண்டு. அநேகமாய்ப் பெட்டியின்மேல் குற்றமில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டிச் சாதனத்தின் வழியாகச் சிறிது மின்சாரம் இரும்புச் சட்டத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பிளக்கின் மூன்றாவது முனையின் வழியாக அது பூமிக்குப் போய்விட வேண்டும். சுவரில் எர்த் இணைப்பு இல்லாவிட்டாலும், இருமுனை அடாப்டர் வழியாக மாட்டியிருந்தாலும், அதற்குப் போக்கிடம் இல்லாமல் தொட்டவர் விரலைத் தேடுகிறது. எத்தனை கேபினெட் மாற்றினாலும் இது தீராது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதுவரையில் யந்திரத்தை ஓட்டாமல் இருப்பது நல்லது.