கதவுக்கும் விளக்கெண்ணெய்!

பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களே! கதவு ஜன்னலுக்கு வார்னிஷ் அடித்த கையோடு அதே அறையில் படுத்துக்கொண்டால் தலைவலியும் இருமலும் வராமல் என்ன செய்யும்? அந்த நெடி, வார்னிஷில் இருக்கும் தின்னர் ஆவியாவதால் வருவது.

இதற்கு ஒரு மாற்று, சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கிற விளக்கெண்ணெயில் இருக்கிறது. அதில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். பாலியூரித்தேன் பூச்சுக்குத் தேவையான ஹைட்ராக்சில் அதில் இயற்கையாகவே உண்டு. தின்னருக்குப் பதில் தண்ணீரில் இந்தப் பூச்சைத் தயாரித்தால் நெடி வெகுவாகக் குறையும். உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான். எண்ணெயாக ஏற்றுமதி செய்வதோடு நிற்காமல், நம் வீட்டுக் கதவுக்கும் அதைப் பூச்சாக்க வேண்டாமா?

அதற்காக, 'விளக்கெண்ணெய்தானே, என்ன செய்யும்' என்று அசட்டையாக இருக்காதீர்கள். வழக்கமான பாலியூரித்தேனுக்கு ஐசோசயனேட் என்ற ரசாயனமும் வேண்டும். அது ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஹார்டனர் தனியாகக் கலக்கும் ரகத்தில் இந்த ஆபத்து அதிகம்.

ஆகவே கடையில் விலையை மட்டும் கேட்காதீங்க. 'தண்ணீர் ரகமா, ஹார்டனர் வேண்டாததா?' என்றும் கேளுங்கள். காயும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு அறையில் படுக்க வையுங்கள். பெயிண்டர் மூக்கில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. அவருக்கும் நல்ல காற்று வேண்டும்!