டார்னல்ட் தோற்றாரா, ஜெட்ஸ் தோற்றதா?

அமெரிக்கக் கால்பந்தில் 'பஸ்ட்' எண்டு ஒரு சொல் இருக்கு. கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற ட்ராஃப்டில் முன்னுக்கு எடுபட்டு, பிறகு எதிர்பார்த்த மாதிரி ஆடாதவருக்கு ரசிகர்கள் வைக்கிற பெயர். எங்கட பேச்சில சொன்னால், 'சரிவராத கேஸ்'. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்கின் தலையில்தான் இது கூட விழுகிறது.

சாம் டார்னல்டின் தலையிலும் விழுந்தது. 2018இல் நியூயோர்க் ஜெட்ஸ் அவரை 3ஆவது ஆளாக எடுத்தது. 6ஆவது இடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஏற, கூடவே மூன்று இரண்டாம் சுற்றுத் தெரிவுகளையும் இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்தது. 21 வயதில், சீசனின் முதல் மட்ச்சிலேயே இறக்கிவிட்டார்கள். அடுத்த வருஷமே தலைமைப் பயிற்றுவிப்பாளர் மாறினார். மூன்று சீசனில் அவர் தொடங்கிய 38 மட்ச்சில் வெற்றி 13தான். 2021இல் அவரைக் கரலைனாவுக்குக் கைமாற்றிவிட்டு, 2ஆவது தெரிவாக சாக் வில்சனை எடுத்தார்கள். அவரும் சரிவரவில்லை. அடுத்தடுத்து இரண்டு பேர் ஒரே இடத்தில் விழுந்தால், நாங்கள் அந்த இடத்தையும் ஒருக்கால் பார்க்க வேணும்.

அதுக்காக முழுப் பழியையும் ஜெட்ஸில் போடவும் ஏலாது. 2019இல் நியூ இங்கிலாந்திடம் 33-0 எண்டு தோற்ற மட்ச்சில் எதிரணியிடம் ஐந்து தரம் பந்தைக் கொடுத்தது டார்னல்டின் கைதான். கரலைனாவிலும் அவர் நிலைக்கவில்லை.

ஆனால் கதை அதோட முடியவில்லை. 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்று வீரராக இருந்தார். 2024இல் மினசோட்டாவில் நல்ல பயிற்றுவிப்பாளரும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் கிடைக்க, 17 மட்ச்சில் 14 வெற்றி, 35 டச்டவுன் பாஸ். கடைசி இரண்டு மட்ச்சில் அணி 9 புள்ளிகளைத் தாண்டாததும், 'பார்த்தீங்களா, பழைய டார்னல்ட்தான்' எண்டு திரும்பத் தொடங்கிவிட்டார்கள். மினசோட்டாவும் விட்டுவிட்டது. சியாட்டில் எடுத்தது. 2026 பெப்ரவரியில் அதே நியூ இங்கிலாந்தை 29-13 எண்டு வென்று சூப்பர் போல் கிண்ணத்தைத் தூக்கினார்.

அப்ப 'பஸ்ட்' எண்ட சொல்லே பிழையா? இல்லை. 2007இல் முதலாவது ஆளாக எடுபட்ட ஜமார்கஸ் ரசல், 2010இல் விடுவிக்கப்பட்ட பிறகு அந்த லீக்கில் ஒரு மட்ச்கூட ஆடவில்லை. அங்கே அந்தச் சொல் பொருந்தும்.

நாங்கள் சொல்வது, இங்கே இரண்டு கேள்விகள் இருக்கு எண்டுதான். கொடுத்த விலைக்கு ஜெட்ஸுக்குப் பலன் கிடைத்ததா? இல்லை, அந்தத் தெரிவு தோல்விதான். டார்னல்ட் ஒரு குவாட்டர்பேக்காகத் தோற்றாரா? அதுக்கும் இல்லை எண்டுதான் பதில். அந்த விலையை அவர் நிர்ணயிக்கவில்லை, அணியையும் அவர் தெரிவு செய்யவில்லை. எங்கட வயசில் இருந்த ஒருவருக்கு மூன்றே வருஷத்தில் ஆயுள் தீர்ப்பு எழுதியவர்கள், ஜெட்ஸின் கணக்கை அவருடைய பெயரில் எழுதிவிட்டார்கள்.