"கர்த்தர் பார்த்துக்கொள்வார்"

மும்பையிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் ரயில்கள், புனேயைத் தாண்டியதும் கேட்காவ் என்ற சிறிய நிலையத்தைக் கடக்கின்றன. ஊருக்குப் போகும் மகிழ்ச்சியில் அதை யாரும் கவனிப்பதில்லை. அங்கேதான் பண்டித ரமாபாயின் "முக்தி" இல்லம் இருக்கிறது.

ரமாபாய் 1858ல் பிறந்தவர். தந்தை சமஸ்கிருத பண்டிதர். ஊர் ஊராக யாத்திரை செய்த அந்தக் குடும்பம், 1870களில் சென்னை மாகாணத்தில் பஞ்சத்தில் சிக்கியது. தந்தை, தாய், அக்காள் மூவரும் அடுத்தடுத்து மாண்டார்கள். பிறகு மணம் நடந்தது. இரண்டு ஆண்டு முடியுமுன் கணவரும் காலராவில் இறந்தார். கையில் ஒரு பெண் குழந்தை. 1883ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

1889ல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காக "சாரதா சதன்" என்ற பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாறியது.

1896-97ல் மத்திய மாகாணத்தில் கொடிய பஞ்சம். பள்ளிக்குப் பத்து ஆண்டுகள் உதவுவதாக அமெரிக்க நண்பர்கள் கொடுத்திருந்த வாக்குறுதி முடியும் தறுவாய். கணக்குப் பார்ப்பவர் எவரும், "இருப்பவர்களைக் காப்பாற்றினால் போதும்" என்றுதான் சொல்லியிருப்பார். ரமாபாய் பஞ்சப் பகுதிக்குப் போனார். சுமார் 300 பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். 1900 வாக்கில் முக்தியில் இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்!

இத்தனை பேருக்கும் சோறு போட அவர் நம்பியது கடவுளை. ஆனால் நம்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கேட்காவில் கிணறு வெட்டினார். பயிர் செய்தார். பெண்களுக்கு நெசவும் அச்சுத் தொழிலும் கற்றுக் கொடுத்தார். தண்ணீர் தருவது கடவுள்; தோண்ட வேண்டியது மனிதன். இதுதான் அவருடைய விசுவாசம்.

இன்று நம்மவர்களின் வாயில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற சொல் அடிக்கடி வருகிறது. எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

வேலை தேடி ஊரிலிருந்து ஒரு பையன் வருகிறான். தகரப் பெட்டியோடு தாராவியில் ஒரு வாசலில் நிற்கிறான். உள்ளே இருப்பவர், "போய் வா தம்பி, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கதவைச் சாத்துகிறார். அதே மனிதர், தன் மகனின் வேலைக்கு மட்டும் நாலு பேரைப் பார்க்கிறார். நாற்பது நாள் உபவாசமும் இருக்கிறார். அடுத்தவன் பாரத்தைக் கடவுள் தலையில் போடுவது விசுவாசமா? கையை விரிப்பதற்கு ஒரு மரியாதையான சொல், அவ்வளவுதான்.

"மாதம் 20ந் தேதிக்கு மேல் கையில் காசு இல்லை. குடும்பஸ்தன் என்ன செய்வான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டுத் தானம் செய்யச் சொல்லி எந்தப் போதகரும் கேட்கவில்லை. ஆனால் நாலு நாள் படுக்க இடம் கொடுக்கலாம். பேங்க் பாரம் நிரப்பித் தரலாம். ஆஸ்பத்திரியில் இந்தியும் மராத்தியும் தெரியாமல் விழிப்பவருடன் அரை நாள் நிற்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊழியம் செய்தால் துன்பம் வராது என்பது வியாபாரக் கணக்கு. 1921ல் ரமாபாயின் ஒரே மகள் மனோரமா இறந்தார். அடுத்த ஆண்டு ரமாபாயும் கண்ணை மூடினார். அவருடைய நம்பிக்கைக்குக் கூலியாகச் சொந்த வீட்டுக்குச் சுகம் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் கைவிடப்பட்டவர் அல்ல. அவர் மூட்டிய அடுப்பு முக்தியில் அணையவில்லை.

பசித்தவனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வது உண்மை. அதற்காக அவர் அனுப்பும் ஆள், கதவுக்கு உள்ளே இருப்பவர்தான்.