மரக்கறிப் பாத்திக்குப் பணம் இருக்கிறது, கடிதம்தான் இல்லை

ஹாலிஎல நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வாழும் பெரியோர்களுக்கும், இங்கே படித்துவிட்டுக் கொழும்பிலும் கடல் கடந்தும் தொழில் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும்:

இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளின் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பயப்பட வேண்டாம், ரசீதுப் புத்தகத்தோடு யாரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. எங்களுக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து, உங்கள் இங்கிலீசு, உங்கள் சிங்களம், இரண்டொரு ஞாயிற்றுக்கிழமை.

காலையில் வெறும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளை எந்தத் தோட்டத்திலும் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுதும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அன்று அந்த வயதில் இருந்த பிள்ளைகள்தான் இன்று நம் பாடசாலைகளில் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தது, 2022இல் நாடே கடனில் மூழ்கியது. வெள்ளிக்கிழமை லீவு தருகிறோம், வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்று அரசாங்கம் தன் உத்தியோகத்தர்களுக்குச் சொன்னது. லயத்து வாசலில் எதைப் போடுவது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பல லயங்களில் வாசலுக்கும் கானுக்கும் இடையே ஒரு பாய் விரிக்கவே இடமில்லை. ஆனால் பல பாடசாலைகளில் இடம் இருக்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் மானாப் புல் மண்டிக் கிடக்கும் அந்தச் சரிவைத்தான் சொல்கிறோம்.

அதைத் திருத்தப் பணம் தரும் இடங்களும் இருக்கின்றன. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் 1994 முதல் இலங்கையில் நடத்துகிறது. ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் வரை கொடுக்கலாம் என்பது நெடுங்காலம் அதன் விதியாக இருந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை, அதில் சிறு துண்டு போதும். மண்ணரிப்பைத் தடுப்பதும் பயிர்வகைகளைக் காப்பதும் அவர்கள் காது கொடுத்துக் கேட்கும் விஷயங்கள். நம் சரிவு நிலத்துக்கு இரண்டும் பொருந்தும். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்துக்கு நேரடி உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. கனடாவுக்கு உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியம் இருக்கிறது. இவர்கள் காலம் குறித்து விண்ணப்பம் கேட்பார்கள், தவணை முடிந்தால் கதவை மூடிவிடுவார்கள். ஜப்பானின் அடித்தள மானியம் பெரிய தொகை, கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் ஏற்றது; கீரைப் பாத்திக்காக அங்கே போக வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். நூறு விதைப் பக்கற்றும் நாலு மம்பட்டியும் வாங்க ரோட்டரி, லயன்ஸ் கழகங்கள் போதும். ஃபெயார்டிரேட் சான்று உள்ள தோட்டமென்றால் தேயிலை விற்பனையோடு வரும் மேலதிகத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் குழுவே தீர்மானிக்கலாம்.

பிறகு ஏன் அந்தப் பணம் நம் பக்கம் வருவதில்லை? பாரபட்சம் கொஞ்சம் இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம், கேட்கும்போது கொடுக்க நம்மிடம் காகிதம் இல்லை.

இந்த மானியங்கள் பெரும்பாலும் தனியாளுக்குக் கிடைப்பதில்லை. பதிவுள்ள ஒரு சமூக அமைப்பு வேண்டும். அதிபர் மட்டும் தன் பெயரில் எழுதினால் கடிதம் அப்படியே நின்றுவிடும். தோட்டந்தோறும் மரண உதவிச் சங்கமோ மாதர் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பதிந்த ஒன்று பாடசாலையோடு கை கோத்தால் முதல் முடிச்சு அவிழும். அடுத்தது நிலம். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளின் கையில். பாடசாலை வேலிக்கு வெளியே ஒரு முழம் போனாலும் மனேஜரின் கடிதம் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி மண்ணைக் கிளறி, அடுத்த துரை வந்ததும் விட்டுக்கொடுத்த கதைகள் மலையகத்தில் நிறைய. ஐந்து வருடம் என்று எழுதி வாங்குங்கள். பிறகு வங்கிக் கணக்கும், கடையிலிருந்து எடுத்த விலைப்பட்டியலும். இதெல்லாம் கையில் இருந்தால் விண்ணப்பம் நிரப்புவது ஒரு மாலை வேலை. இல்லாமல் தொடங்கினால் முடிவு திகதி போன பிறகுதான் கிராம உத்தியோகத்தரைத் தேடிப் போவோம்.

என்ன கேட்பது என்பதிலும் நாம் கோட்டை விடுகிறோம். திறப்பு விழா, பெயர்ப்பலகை, ரிப்பன் என்று தொடங்கி ஓகஸ்ட் விடுமுறையில் கருகிப்போன பாத்திகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். விதையைவிடப் பலகைக்குக் கூடச் செலவான இடமும் உண்டு! கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் நம் பக்கத்து மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஆகவே முதலில் தண்ணீரைக் கேளுங்கள். இருபது அடி அகலமும் அறுபது அடி நீளமும் உள்ள வகுப்பறைக் கூரையில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால், வீணாவது போக, ஆயிரம் லீற்றர் தாங்கி ஏறக்குறைய நிரம்பிவிடும். பீலியும் குழாயும் தாங்கியும்தான் செலவு. அடுத்தது வேலி. காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் வலை வேண்டும், அதை ஒட்டிக் கிளிரிசிடியா நட்டால் வேலிக்கு வேலி, இலை வெட்டிப் போட்டால் பசளை. குரங்குக்கு மட்டும் எங்களிடம் மருந்து இல்லை. அதனால்தான் பழத்தைவிடக் கீரை, கிழங்கு என்று சொல்கிறோம்.

பயிர் நாட்காட்டியைப் பாடசாலைத் தவணையோடு பொருத்தாவிட்டால் போஞ்சி காய்க்கும்போது பிள்ளைகள் விடுமுறையில் இருப்பார்கள். ஒக்டோபர் முதல் வாரத்தில் கொடிப் போஞ்சி போட்டால் டிசெம்பர் விடுமுறைக்கு முன் பறிக்கத் தொடங்கலாம். பண்டாரவளை விவசாய ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ‘பண்டாரவளை கிறீன்’ போஞ்சிக்கு அந்த ஊரின் பெயர்தான். கங்குங் ஒரு மாதத்தில் வெட்டுக்கு வரும். பொன்னாங்காணியை ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் வருவார்கள்.

நேபாளத்தில் உலகக் காய்கறி மையம் செய்த ஆய்வு நமக்கு ஒரு பாடம். பாடசாலையில் மட்டும் தோட்டம் போட்டபோது பிள்ளைகளுக்கு மரக்கறி பற்றிய அறிவு கூடியது, சாப்பாட்டில் மரக்கறி கூடவில்லை. வீட்டுத்தோட்டத்தோடும் இணைத்த பிறகுதான் தட்டில் மாற்றம் தெரிந்தது. ஆகவே விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறோம்: ஒவ்வொரு பிள்ளையும் வல்லாரையோ பொன்னாங்காணியோ ஒரு பையில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய உரப்பையில் மண் நிரப்பி லயத்து இறவாரத்தின் கீழ் வைக்க இடமில்லாத வீடு இல்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, துரையிடம் அடுத்த முறை பேசப் போகும்போது சம்பளக் கணக்கோடு நிலக் கடிதத்தையும் கேளுங்கள். நகரத்துக் கடைக்காரர்களே, தாங்கிக்கும் வலைக்கும் விலைப்பட்டியல் கேட்டு வருபவரை, வாங்கப்போகிறவரா என்று பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகம் போன பிள்ளைகளே, உங்களிடம் கேட்பதுதான் அதிகம். விண்ணப்பத்தைத் தமிழில் நாங்கள் எழுதித் தருகிறோம், ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்புவதும் முடிவு திகதிகளைக் கவனித்துச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்ப நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். உள்ளூர்ப் பங்களிப்பு எவ்வளவு என்று மானியம் தருவோர் கேட்பார்கள்; அந்தப் பங்காக உங்கள் தொகை போனால் அதற்குப் பெறுமதி கூடும்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வரவு செலவைப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவோம், மாதாமாதம். அதற்கு உடன்படாத சங்கத்தோடு நாங்கள் சேர மாட்டோம்.

இந்த வேலையில் சேர விருப்பமுள்ளவர்கள் உங்களுக்குக் கிட்டிய தோட்டப் பாடசாலையின் அதிபரிடம் பெயரையும், எந்த வேலைக்கு வருவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். சங்கப் பதிவுச் சான்று வைத்திருப்போர் ஒரு போட்டோ பிரதியும் சேர்த்துக் கொடுத்தால் ஒக்டோபர் மழைக்கு முன் முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஹாலிஎல வட்டாரத் தோட்டப் பாடசாலைகளின் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர்